பின்னால் கட்டிய கயிறு

தூத்துக்குடி
5.1.2025

அண்ணனுக்கு,

நலம் கேட்டு எழுதும் மனநிலையில் நான் இல்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். அன்றைக்கு நனைந்தது நான். சளி இறங்கிவிட்டது, இருமல் மட்டும் கொஞ்சம் பாக்கி.

போனை எடுக்கவில்லை என்று பேங்க் நம்பருக்கே கூப்பிட்டிருக்கிறீர்கள். கவுண்டரில் கூட்டம் நிற்கும்போது "மேடம், உங்க அண்ணாச்சி லைன்ல இருக்காக" என்று கேஷியர் சத்தம் போடுகிறார். இனிமேல் வேண்டாம். போனில் பேசினால் என்ன ஆகும் என்று நம் இருவருக்கும் தெரியும். நீங்கள் குரல் உடைந்து "தாயி" என்பீர்கள், நான் "சரிண்ணே, விடுங்க" என்பேன், விஷயம் அதோடு முடிந்துவிடும். இந்தத் தடவை அப்படி முடியக்கூடாது. அதனால்தான் கடிதம்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு அந்தப் படகை மினி லாரியில் ஏற்றி ஆனைக்குட்டம் அணைக்குக் கொண்டுவந்தது எதற்கு என்று நினைத்தீர்கள்? இங்கே தண்ணீருக்கா பஞ்சம்? நீங்கள் பார்க்க வேண்டும் என்றுதான். இரண்டு வருடமாக முயல் தீவுக்கு இந்தப் பக்கம், அலை அடங்கிய தண்ணீரில் ஞாயிறுதோறும் ஓட்டிப் பழகியிருக்கிறேன். என்னைப் போல் இளம்பிள்ளை வாதத்தில் கால் போனவர்களும் ஓட்டுவதற்கென்றே செய்த பாய்ப்படகு அது. தொட்டிலில் உட்காருவது போல் தாழ உட்கார்ந்தால் போதும். திருப்புவதற்குக் கைக்குள் ஒரு கம்பு, பாயை விரிக்கவும் சுருட்டவும் கையெட்டும் இடத்தில் கயிறுகள். அடியில் கனமான ஒரு பலகை தொங்குவதால் லேசில் கவிழாது. ஏறி உட்காரும்வரைதான் ஆள் உதவி. அப்புறம் காற்றும் நானும்.

புறப்படும்போது கேட்டேன், "கயிறு கியிறு எதுவும் கட்டலியேண்ணே?" என்று. முந்தின நாள் முழுக்க அதற்குத்தானே சண்டை. "ஒன்னுமில்ல தாயி, நீ போ" என்றீர்கள். நம்பிப் போனேன்.

நடுத் தண்ணீரில் காற்று ஏறியது. அந்தப் படகின் குணம் என்னவென்றால், பாயைத் தளர விட்டுவிட்டால் தானாகவே காற்றைப் பார்த்துத் திரும்பிச் சும்மா நிற்கும். அன்றைக்குத் திரும்பவில்லை. பின்னாலிருந்து எதுவோ இழுத்தது. காற்று முதுகில் அறைந்தது, பாய் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடித்தது, மடி நிறையத் தண்ணீர். திரும்பிப் பார்த்தால் சுக்கானுக்குப் பக்கத்தில் நம் பட்டாசுக் கம்பெனி நைலான் கயிறு. மறுமுனை கரையில் உங்கள் கார் கொக்கியில். நான் "விடுங்க, விடுங்க" என்று கத்துகிறேன், நீங்கள் பயந்துபோய் இன்னும் இழுக்கிறீர்கள். மீன் குத்தகைக்காரர் பாண்டிமுருகன் பரிசலில் வந்து கயிற்றை அறுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

படகு உங்கள் குடோனில் கிடக்கிறது. இந்தப் பக்கம் வருகிற ஏதாவது லாரியில் ஏற்றி அனுப்பிவிடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

பத்திரகாளி


சிவகாசி
11.1.2025

அன்புத் தங்கை பத்திரகாளிக்கு,

கடிதம் வந்தது. வாராக்கடன்காரனுக்கு நோட்டீஸ் அனுப்புகிற கையால் எழுதியிருக்கிறாய். பரவாயில்லை.

ஆமாம், கட்டினேன். பொய்யும் சொன்னேன். நாளைக்கே மறுபடி அந்தக் கரையில் நின்றாலும் கட்டுவேன். எனக்கு நீச்சல் தெரியாது. உனக்கும் தெரியாது. லைஃப் ஜாக்கெட் என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு பஞ்சு மெத்தையைக் காட்டினாய். அதை நம்பி என் ஒரே தங்கச்சியைத் தண்ணீரில் தள்ளிவிட்டு நான் கரையில் நின்று முறுக்கு தின்ன வேண்டுமா? ஐந்தாம் வகுப்பு வரை உன்னை முதுகில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போனவன் நான். மழையில் தடுக்கி விழுந்தபோதும் உன்னைக் கீழே விடாமல் முழங்காலை உடைத்துக்கொண்டவன். அந்த முதுகுக்கு ஒரு கயிறு கட்ட உரிமை இல்லையா?

கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன், நீ நோட்டீஸ் விட்டதால் கேட்கிறேன். தூத்துக்குடிக்கு மாறுதல் வந்துவிட்டது என்று சொல்லித்தானே போனாய்? வரவில்லை, நீயாகக் கேட்டு வாங்கியது என்று அடுத்தவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நம் வீட்டில் உனக்கு என்ன குறை வைத்தோம்? உன் மதினி வேலுத்தாய் உன்னை ஒரு சொல் சொன்னது உண்டா? உனக்கு முந்தித் தட்டு வைக்காமல் அவள் சாப்பிட்டது உண்டா?

அவளும் இப்போது இங்கே இல்லை. மகள் ஹர்ஷினிக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து கோயம்புத்தூர் வாசம்தான். பேத்தியை வீடியோவில் காட்டுகிறார்கள். நான் "தாத்தா பாரு" என்கிறேன், அது மின்விசிறியைப் பார்க்கிறது. சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்தால் வீட்டில் நானும் டிவியும். டிவியில் யார் பேசுகிறார்கள் என்றுகூடப் பார்ப்பதில்லை, ஏதோ ஒரு சத்தம் கேட்டால் சரி.

படகு பத்திரமாக இருக்கிறது. அட்டைப்பெட்டிக் கட்டுகளுக்கு நடுவில் கவிழ்த்து, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். அங்கேயேதான் இருக்கும். அனுப்புவதாக இல்லை. பொங்கலுக்கு வா, பேசிக்கொள்வோம்.

உன் அண்ணன்
தங்கச்சாமி


தூத்துக்குடி
20.1.2025

அண்ணே,

பொங்கலுக்கு வரவில்லை. இங்கே குக்கரில் வைத்தேன். பொங்கியதா என்று எட்டிப் பார்க்க ஆள் இல்லை, விசில் அடித்ததைப் பொங்கலோ பொங்கல் என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தது போக மீதியை மறுநாளும் சாப்பிட்டேன். நான் இங்கே ராணி மாதிரி இருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு தட்டு, ஒரு டம்ளர், அதைக் கழுவிக் கவிழ்த்தால் அன்றைய பொழுது முடிந்தது. பேச ஆள் இல்லாமல் காலண்டரோடு பேசிய நாளும் உண்டு. மாறுதல் நான் கேட்டு வாங்கியதுதான். மதினி தங்கமானவர். அவர் எனக்கு முந்தித் தட்டு வைத்ததுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. நாற்பத்து நாலு வயதில் எப்போது பசிக்கிறது என்று முடிவு செய்ய எனக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. இதைச் சொன்னால் உங்கள் மனசு புண்படும் என்றுதான் மாறுதல் வந்துவிட்டது என்றேன். நானும் பொய்தான் சொல்லியிருக்கிறேன். கணக்கு நேர்.

முதுகு பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த முதுகை நான் மறப்பேனா? உங்கள் சட்டை வேர்வை வாசம் இப்போதும் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். எம். புதுப்பட்டி கம்பெனியில் பேச்சியம்மாள் தூக்குவாளியை அறை வாசலில் வைத்துவிட்டாள் என்று ஒரு நாள் குதித்தீர்களே, நினைவிருக்கிறதா? நான் காரில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். "ஏ பேச்சி, மருந்து அறையில ஆளுக்கும் வாசலுக்கும் நடுவுல ஒரு துரும்பு கெடக்கக் கூடாதுன்னு எம்புட்டுத் தடவ சொல்லுதேன்? ஓடும்போது கால் தடுக்கினா யாரு பதில் சொல்ல?" என்றீர்கள். ஒரு தூக்குவாளிக்கு அந்தப் பேச்சுப் பேசிய மனிதர்தான் என் வாசலில் கயிற்றைக் கட்டினார். பாயை விட்டதும் காற்றைப் பார்த்துத் திரும்புவதுதான் அந்தப் படகுக்கு வாசல். அதை அடைத்துவிட்டு "பத்திரத்துக்குத்தான்" என்கிறீர்கள்.

வாதாடி என்ன பயன்? ஒரு பந்தயம் வைக்கிறேன். அந்தப் படகை நீங்களே தயார் செய்து, நீங்களே ஒரு தடவை அதில் போய்விட்டு வாருங்கள். கயிறு இல்லாமல். அதற்குப் பிறகும் "பத்திரகாளிக்குக் கயிறு வேண்டும்" என்று நீங்கள் எழுதினால் நான் படகையே விற்றுவிடுகிறேன். சத்தியம்.

எப்படி என்று சொல்கிறேன், அவசரப்படாமல் படியுங்கள். முற்றத்தில் இரண்டு பழைய டயர் போட்டு அதன் மேல் படகை நிமிர்த்தி வையுங்கள். பின்பக்கம் தண்ணீர் வடிய ஒரு துளை உண்டு. அதன் தக்கை திருகி மூடியிருக்கிறதா பாருங்கள், அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். பாய்மரங்கள் இரண்டையும் குழியில் இறக்கிப் பூட்டிவிட்டுத் தூக்கிப் பாருங்கள். கையோடு வந்தால் பூட்டு விழவில்லை. சுக்கானை மாட்டி முளையைச் செருகுங்கள். பிறகு உள்ளே உட்கார்ந்து கம்பை இரண்டு பக்கமும் சாய்த்து, சுக்கான் இழுபறி இல்லாமல் அசைகிறதா என்று பாருங்கள். பாயை விரித்துச் சுருட்டிப் பாருங்கள். எல்லாமே உட்கார்ந்த இடத்திலிருந்து. நின்றுகொண்டு செய்தால் செல்லாது, எனக்கு நிற்க வராது.

கனமான பலகையைத் தண்ணீர் இடுப்பளவு வந்த பிறகு இறக்கி, அதன் முளையையும் பூட்ட வேண்டும். அது பூட்டாமல் பாயை விரிக்கவே கூடாது. காற்று மெதுவாக இருக்கும் காலை நேரம் மட்டும். பாயில் பாதி போதும். பாண்டிமுருகன் பரிசலோடு தண்ணீரில் இருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் கொக்கிகள் எல்லாம் மாட்டியிருக்க வேண்டும், பஞ்சு மெத்தை என்று கேலி செய்தாலும் சரி. பயம் வந்தால் பாய்க்கயிற்றை விட்டுவிடுங்கள். பிடித்துக்கொண்டால்தான் ஆபத்து.

பத்திரகாளி


சிவகாசி
3.2.2025

தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று உன்மேல் அப்படி ஒரு கோபம். மறுநாள் கம்பெனியில் அறை அறையாக நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் என் கால் தானாக நின்றது. பேச்சியம்மாள் பார்த்துவிட்டாள். "என்ன மொதலாளி, வாளியத் தேடுதீகளா? அது அங்கன வேப்பமரத்துல தொங்குது" என்றாள். கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

நீ சொன்னபடி படகை டயர் மேல் வைத்தேன். தக்கை, பாய்மரம், சுக்கான் எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது. பாய்க்கயிற்றில்தான் மாட்டிக்கொண்டேன். அதைப் பிடிக்கப் பல் வைத்த ஒரு சின்னக் கவ்வி இருக்கிறதே, அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. லாரி லாரியாக லோடு கட்டி அனுப்புகிறவன் நான். இந்த எலிப்பல்லா ஒரு பாயைப் பிடிக்கும் என்று, கவ்விக்கு மேல் நம் லோடு முடிச்சு ஒன்றைப் போட்டு இறுக்கினேன். கல்கத்தா வரை போனாலும் அவிழாத முடிச்சு.

பாயை விரித்து உள்ளே உட்கார்ந்தேன். முற்றத்தில் காற்று வந்தது பார். படகு டயரோடு சேர்ந்து சாய்கிறது, பாய் உப்பிக்கொண்டு சுவரைப் பார்த்துத் தள்ளுகிறது, நான் முடிச்சை அவிழ்க்கிறேன், அது கல்கத்தாவுக்குத்தான் போவேன் என்கிறது. இடுப்பில் இருந்தது கம்பெனியில் இரும்பு ஆகாது, பொறி பறக்கும் என்று வைத்திருக்கும் பித்தளைக் கத்தி. அது வாழைப்பழத்தை வெட்டவே யோசிக்கும். அறுத்து முடிப்பதற்குள் படகு சுவரில் மோதி என்னையும் இடித்துவிட்டது. தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. பொட்டல் தரையிலேயே இந்தக் கதி. தண்ணீரில் உனக்கு நான் என்ன செய்தேன் என்று அந்தச் சுவரோரமாக உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அதே தடிமனில் புதுக் கயிறு வாங்கிப் போட்டேன். முடிச்சு எதுவும் போடவில்லை. ஒற்றை விரலால் மேலே சுண்டினால் எலிப்பல் விட்டுவிடுகிறது.

நேற்றுக் காலை ஆனைக்குட்டத்தில் இறங்கினேன். பலகையை இறக்கி முளையைப் பூட்டியது பாண்டிமுருகன், சரிபார்த்தது நான். தள்ளிவிட்டான். கொஞ்ச தூரம் போனதும் படகு லேசாகச் சாய்ந்தது. நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டு பாய்க்கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "அண்ணாச்சி, கயித்த விடுங்க! விட்டாத்தான் நிக்கும்!" என்று பின்னாலிருந்து கத்துகிறான். கை விட மாட்டேன் என்கிறது. கையிடம் கெஞ்சித்தான் விட வைத்தேன். விட்டதும் படகு மெதுவாகத் திரும்பி, பாய் படபடவென்று அடித்துக்கொண்டு, சும்மா நின்றது. நீ எழுதியிருந்தபடியே.

அதன் பிறகு மறுபடி கொஞ்சம் இழுத்துப் பிடித்துப் போனேன். பாண்டிமுருகன் பின்தங்கினான். கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறேன், எழுந்து நிற்க முடியாது. ஐம்பத்திரண்டு வயதுக்குள் என் கால் எனக்கு வேண்டாமல் இருந்தது அங்கேதான். அந்தப் படகில் யாருக்கும் கால் வேண்டியதில்லை தாயி. முதலாளி என்று கூப்பிட ஆள் இல்லை, போன் காரில் கிடக்கிறது. கரையைப் பார்த்தேன். கார் ஒரு எறும்பளவு நின்றது, பக்கத்தில் யாரும் இல்லை. என் வீடும் இப்படித்தான் இருக்கிறது என்று தோன்றியது. அழுகை வந்தது. கேட்க ஆள் இல்லாததால் நன்றாகவே அழுதேன்.

நீ முங்கிவிடுவாய் என்று பயந்ததாக உனக்கும் எழுதினேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். அன்றைக்குக் கரையில் நின்று பார்த்தபோது நீ திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தாய். நன்றாகவும் போனாய். இவளுக்கு இனி நான் எதற்கு என்று ஒரு நொடி தோன்றியது. காற்று ஏறும் முன்பே கயிற்றைப் பிடித்துவிட்டேன். அதுதான் மீதிப் பாதி.

கயிறு வேண்டாம். பந்தயத்தில் நீ ஜெயித்துவிட்டாய். படகைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். அணையில் சித்திரை வரை தண்ணீர் நிற்கும் என்கிறான் பாண்டிமுருகன். ஞாயிறுதோறும் உனக்குக் கார் அனுப்புகிறேன். வீட்டில் கீழ் அறைக்கு வெள்ளையடித்து, குளியலறையில் பிடிமானக் கம்பியும் வைத்துவிட்டேன்.

தங்கச்சாமி


தூத்துக்குடி
10.2.2025

அன்புள்ள அண்ணே,

பேங்கில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். முடிச்சுக் கதைக்குச் சிரித்தேன், கடைசியில் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். கேஷியர் "ஊர்ல யாருக்கும் ஒடம்பு சரியில்லையா மேடம்?" என்று கேட்டார். "இல்ல, எங்கண்ணன் படகு ஓட்டிட்டாக" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

நீங்கள் எழுதியதற்கு நானும் மறைக்காமல் எழுத வேண்டும். அன்றைக்கு நான் திரும்பிப் பார்க்காமல் போனது உங்கள் முகத்தைப் பார்த்தால் கரைக்கு வந்துவிடுவேன் என்ற பயத்தில். உங்களுக்கு நானும் எனக்கு நீங்களும்தான், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

ஆனால் அண்ணே, ஞாயிறுதோறும் கார், வெள்ளையடித்த கீழ் அறை, பிடிமானக் கம்பி. இதுவும் கயிறுதான். நைலானுக்குப் பதில் பட்டுக்கயிறு. நீங்கள் தெரிந்து செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். நான் வந்தால் முதல் வாரம் ஞாயிறு மட்டும், அடுத்து சனி ஞாயிறு, அப்புறம் மாறுதலுக்கு நீங்களே யாரையாவது பார்ப்பீர்கள். நானும் "சரிண்ணே" என்பேன். இங்கே தனியாக இருப்பதில் எனக்குச் சுகம் ஒன்றும் இல்லை. சில ராத்திரி நம் வீட்டுக் கொல்லைக் கதவுச் சத்தம் கேட்டால் போதும் என்றிருக்கிறது. இருந்தாலும் இது நான் ஓட்டுகிற வாழ்க்கை. அதனால் படகை இங்கே அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக வைத்திருந்தேன். 23-ஆம் தேதி ஞாயிறு, துணைப்படகோடு, முதல் தடவையாக முயல் தீவைச் சுற்றி வரப் போகிறேன். இதுவரை இந்தப் பக்கத்தோடு திரும்பிவிடுவோம். நீங்கள் வர வேண்டாம். நீங்கள் கரையில் நின்றால் காற்றைப் பார்க்க வேண்டியவள் உங்கள் முகத்தைப் பார்ப்பேன். கோபித்துக்கொண்டாலும் சரி, இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

உங்கள் தங்கச்சி
காளி


சிவகாசி
18.2.2025

அன்புத் தங்கை காளிக்கு,

இந்தக் கடிதம் படகோடு வருகிறது. டிரைவர் முனியராஜ் நிதானமான ஆள். வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்துவான், அதற்குள் பதறாதே.

பாய்மரங்களைத் தனியாகக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றியிருக்கிறேன். கனமான பலகை லாரியில் அடியில் இருக்கிறது, படகின் மேல் வைத்தால் நொறுக்கிவிடும். தக்கைக்கு ஒரு மாற்றுத் தக்கை வாங்கிப் போட்டிருக்கிறேன். பழையதில் ரப்பர் வெடித்திருந்தது, நீ கவனிக்கவில்லை. சுக்கான் முளை துருப்பிடிக்காத எஃகில் புதுசு. உப்புத் தண்ணீர் ஆயிற்றே. பாயின் ஓரத்தில் தையல் விட்டிருந்ததைப் பேச்சியம்மாள் வீட்டு மெஷினில் தைத்தாள். "அக்காவ நானும் கேட்டேன்னு எளுதுங்க" என்றாள். ஒவ்வொன்றையும் நான் உட்கார்ந்தபடி இழுத்துப் பார்த்தேன், விட்டுப் பார்த்தேன். ஆனாலும் ஏறுவதற்கு முன் நீயும் ஒருமுறை பார். அடுத்தவன் கட்டியதை நம்பிப் போகாதே. அது நானாக இருந்தாலும்.

லோடு ஏற்றி முடித்ததும் நானும் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. கம்பெனி கேட்டைத் தாண்டியதும் முனியராஜ், "அண்ணாச்சி, தூத்துக்குடி வரைக்குமா வாரீக?" என்றான். இல்லை, பெட்ரோல் பங்க்கில் இறக்கிவிடு என்றேன். அவன் டீசல் போடுவதற்குள் இங்கே உட்கார்ந்து மீதியை எழுதுகிறேன், இதை அவனிடம் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போவேன். கோபம் எதுவும் இல்லை. கீழ் அறையைப் பூட்டவில்லை, கம்பியும் இருக்கட்டும், எனக்கும் வயசாகிறது. கோயம்புத்தூர் போய் உன் மதினியையும் பேத்தியையும் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். 23-ஆம் தேதி அங்கே இருந்தால் நல்லது. இங்கே இருந்தால் காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதற்குக் கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். தீவைச் சுற்றிக் கரை சேர்ந்ததும் முதல் வேலையாக எனக்குச் சொல் என்ற வரி. வேறு தாளில் திருத்தி எழுதியிருக்கலாம். அண்ணன் கேட்க நினைத்தான், கேட்காமல் விட்டான் என்று உனக்குத் தெரியட்டும் என்றுதான் இந்தத் தாளையே அனுப்புகிறேன்.

தங்கச்சாமி